கைமாத்தாய்ப் போன முழங்கால்

மாம்பலம் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் நான் நேராக இறங்குவதில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு காலும் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த படி. பின்னால் வருகிறவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். நரையைப் பார்த்ததும் விலகிக்கொண்டு ஓடுவார்கள். மேற்கு மாம்பலத்தில் தங்கை வீட்டில் தங்கிவிட்டு மயிலாப்பூர் திரும்பும் நாட்களில் இந்தப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் அப்படி ரங்கநாதன் தெருப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது, எதிர்க் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு பெண்ணும் என்னைப் போலவே இறங்குவதைப் பார்த்தேன். துணிக்கடைக்காரர்கள் கொடுக்கும் சீருடைப் புடவை, தோளில் சாப்பாட்டுப் பை. எங்கள் நடுவே கூட்டம் கொட்டிக்கொண்டு போனது. நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒன்றாகக் கீழே வந்து சேர்ந்தோம்.

“இன்னா சார், நீங்களும் நம்ம மாரியே எறங்கிக்கினு கீறீங்க?” என்றாள்.

முகம் பிடிபடவில்லை. கீழே பார்த்தேன். இடது முழங்கால் உள்பக்கம் வளைந்து, பாதம் வெளியே தள்ளி நின்றது. அதை எனக்குத் தெரியும். இருபது இருபத்தைந்து வருடங்களுக்கு முன் அது அப்படி ஆனபோது, கூப்பிடு தூரத்தில் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் நான்.

“அடையாளம் தெர்தா சார்?”

“தெரியுதும்மா.”

“சும்மா சொல்லாதீங்க. அப்போ வத்திக்குச்சி மாரி இருப்பேன். இப்போ எங்க அம்மாவே வந்தாலும் யாருன்னு கேக்கும்.”

சிரித்துக்கொண்டே என்னைக் கூட்டத்திலிருந்து ஒதுக்கி, ஒரு பூக்காரியின் கூடைக்குப் பின்னால் நிறுத்தினாள். கடை திறக்கும் நேரம், அதிகம் பேச முடியாது என்றாள். ஆற்றோரம் இருந்த வீட்டை இடித்த பிறகு தாம்பரம் தாண்டி அடுக்குமாடி ஒன்றில் வீடு கொடுத்திருக்கிறார்களாம். நாலாவது மாடி. லிஃப்ட் ஓடும் நாள் தீபாவளி மாதிரி. கடையில் உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க முடியாது. இதையெல்லாம் வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

“பொண்ணு நம்ம காலேஜ்லதான் சார் படிக்கிறா. வாலிபால் கோட்டாவுல சேத்தேன். என்னை விட நல்லா எகிறுறா. ரெண்டு மாசமா முட்டி வீங்கிக்கினே கீது. டாக்டரு ஆடாம இருன்னுட்டாரு. இப்போ கபடிக்கு ஆள் கொறயுதாம். ஓவரால் ஷீல்டுக்காக இவளை எறங்கச் சொல்றாராம் பி.டி. மாஸ்டர்.”

நான் பூக்கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அந்த மாஸ்டரு உங்க ஆளுதானே சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு. நான் சொன்னா, பயந்தாங்கொள்ளின்னு பொண்ணே சிரிக்கிறா.” போகத் திரும்பியவள் நின்றாள். “என் கால் போனது போவட்டும் சார். அத்த நான் கேக்க வரல.”

அவள் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் என்னை ஆல்ரவுண்டர் என்பார்கள். வாலிபால், பூப்பந்து, கபடி, நீளம் தாண்டுதல். படித்தது வரலாறு, வகுப்புக்கு நான் போகும் நாட்களில் பேராசிரியர் எழுந்து நின்று, “வாங்க, எப்போ வந்தீங்க, ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று விசாரிப்பார். காலையில் மணலில் தாண்டிவிட்டு, காதுக்குள் மணலோடு மத்தியானம் பூப்பந்து ஆடி, சாயங்காலம் கபடிக் கோட்டைத் தொட்டு வணங்கி இறங்கிய நாட்கள் உண்டு. கோப்பையை விட அந்த ஓட்டம்தான் எனக்குப் பெருமை. ஒரே ஆட்டம் ஆடுகிறவர்களைப் பார்த்தால் ஒரே சட்டை வைத்திருப்பவர்கள்போல இரக்கமாக இருக்கும்.

மூன்றாம் ஆண்டில் ஒரு கபடி ஆட்டத்துக்கு முன் என் வலது முழங்கால் பிசகியது. எங்கள் சீனியர் ஒருவர் கிரேப் பேண்டேஜை எடுத்து இறுக்கிச் சுற்றி, வாயில் சூடாகத் தேநீரை ஊற்றி, முதுகில் தட்டி, “கட்டினா தாங்கும், போ” என்றார். போனேன். தாங்கியது. ஜெயித்தோம். அந்தத் தேநீரின் இனிப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது.

அன்று அந்த முழங்கால் தாங்காமல் போயிருந்தால் பிறகு எத்தனையோ பேருக்கு நல்லது நடந்திருக்கும். தாங்கிவிட்டதால், எல்லா முழங்காலும் கட்டினால் தாங்கும் என்று நம்பிவிட்டேன். உடற்கல்வி படித்து, தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். அத்தனை வருடங்களும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கற்றுக்கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. நான் சொல்லிக்கொடுத்த மற்றதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் கைமாத்து என்று ஒன்று உண்டு. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் எல்லா ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டித்தான் ஓவரால் ஷீல்டு கொடுப்பார்கள். கபடிக்கு ஆள் குறைந்தால் வாலிபாலிலிருந்து ஒருத்தி போவாள். ஓட்டத்துக்கு ஆள் குறைந்தால் கபடியிலிருந்து ஒருவன் வருவான். அக்கம்பக்கத்தில் அவசரத்துக்குச் சர்க்கரை வாங்குவதுபோல, “ஒரு பொண்ணைக் கைமாத்தா அனுப்பு” என்போம். எல்லா ஆட்டமும் தெரிந்தவன் பயிற்சியாளராக இருக்கும் இடத்தில் கைமாத்து அதிகம். என்னிடம் மிக அதிகம். நான் ஆடியதுபோல எல்லோரும் எல்லாமும் ஆட வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு நான் வைத்திருந்த பெயர் பயிற்சி.

மாம்பலம் படியில் பார்த்தேனே, அவள் என்னிடம் வந்தபோது ஆற்றோரக் குடிசை ஒன்றிலிருந்து வந்தாள். வலைக்கு மேலே அவள் எழும்பினால் ஒரு கணம் இறங்க மறந்துவிட்டதுபோல மேலேயே இருப்பாள். மாநில அணிக்கான தேர்வுக்கு அவள் பெயர் போயிருந்தது. அதில் வந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை ஏறக்குறைய நிச்சயம். அவள் அப்பா மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். மைதானத்துக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வரக் கூச்சப்பட்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார்.

தேர்வுக்கு முந்தின நாள் கபடி இறுதிப் போட்டி. ரெய்டு போகும் பெண்ணுக்குக் காய்ச்சல். ஷீல்டுக்கு எங்களுக்கும் அடுத்த கல்லூரிக்கும் இடையே மயிரிழைதான் வித்தியாசம். அவளைக் கூப்பிட்டேன். “சார், லேசா இடது முட்டி பிடிச்சிருக்கு” என்றாள். நானே குந்தி உட்கார்ந்து கட்டினேன். “கட்டினா தாங்கும், போ” என்றேன்.

அவள் ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். திரும்பும்போது ஒருத்தி கணுக்காலைப் பிடித்தாள். உடம்பு கோட்டை நோக்கித் திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. காய்ந்த மரக்கிளை முறிவதுபோல ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கத்தவில்லை. கையை நீட்டிக் கோட்டைத் தொட்டாள். புள்ளி எங்களுக்கு வந்தது. நான் கைதட்டினேன். சத்தத்தைக் கேட்ட பிறகும் கைதட்டினேன். சில மாதங்களுக்கு முன்வரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மாலையே படம் எடுத்தார்கள். குழுப் படங்களில் கேப்டன்தான் நடுவில் நாற்காலியில் உட்காருவது வழக்கம். அவள் கேப்டன் இல்லை. நிற்க முடியாததால் நடுவில் உட்கார வைத்து, மடியில் ஷீல்டைக் கொடுத்தோம். அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். உடற்கல்வி அறைக்கு வெளியே, தாழ்வாரச் சுவரில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது.

மறுநாள் தேர்வு அவள் இல்லாமல் நடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போகாமல், தெரிந்த ஒருவரிடம் நாட்டுக்கட்டு போட வைத்தேன். அதுவும் கட்டினால் தாங்கும் என்ற நினைப்புதான். ஒரே ஒரு முறை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா ஓடிப்போய் எனக்குக் கலர் சோடா வாங்கி வந்து, “பரவால்ல சார், உங்க மேல இன்னா தப்பு, விதி” என்றார். அந்தக் கலரை என்னால் குடிக்க முடியவில்லை. அதன் பிறகு போகவில்லை. மற்ற பயிற்சியாளர்கள் கேட்டபோது, “தரையிறங்குற விதம் சரியில்லை, எத்தனை தடவை சொன்னேன்” என்றேன். நாலைந்து பேரிடம் சொன்ன பிறகு எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது.

பாலத்தடியில் அவள் கேட்டுக்கொண்ட மறுநாளே கல்லூரிக்குப் போனேன். இப்போதைய மாஸ்டர் என் மாணவன். அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பையன்களில் ஒருவன். வாசலிலேயே என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, எதிரே இருந்த தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனான். எனக்குச் சர்க்கரை போடக் கூடாது என்பது அவனுக்கு இன்னும் நினைவிருந்தது. அண்ணா சாலை இரைச்சலில் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“அந்தப் பொண்ணைக் கபடில இறக்காதப்பா.”

“சார், அவ ரெடின்றா சார். நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல.”

“நீ கூப்பிட்டா ரெடின்னுதான் சொல்லுவாங்க. நாம எல்லாரும் அப்படித்தானே சொன்னோம்.”

“சார், என் நெலமையையும் பாருங்க. மூணு வருஷமா ஷீல்டு வரல. மேனேஜ்மெண்ட்ல கோட்டா சீட்டைக் கொறைக்கலாம்னு பேச்சு. கொறைச்சா இந்த மாதிரிப் பொண்ணுங்கதான் சார் அடிபடும். ஃபீஸ் கட்டி யார் படிப்பாங்க?” குரலைத் தணித்தான். “வீக்கம் இப்ப எறங்கிடுச்சு சார். கட்டினா தாங்கும்.”

நான் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தேன்.

“அவங்க அம்மா காலு என்னாச்சுன்னு உனக்குத் தெரியாதா? நீதானேடா தூக்கின.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தான். “அவங்களுக்கு லேண்டிங் சரியில்லன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. நான் இந்தப் பொண்ணுக்கு லேண்டிங்கை ரொம்ப கவனிச்சுச் சொல்லிக்குடுத்திருக்கேன்.”

கேலியாகச் சொல்லவில்லை; மரியாதையோடுதான் சொன்னான். நான் சொன்ன பொய்யைப் பாடமாக எடுத்துக்கொண்டு, அதற்கு மருந்தும் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். “அது பொய்யப்பா” என்றேன். ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கேட்டதா, கேட்காததுபோல இருந்தானா என்று தெரியவில்லை. தேநீருக்குப் பணம் கொடுக்க என்னை விடவில்லை.

பெண்ணிடமே பேசலாம் என்று மைதானத்துக்குப் போனேன். பயிற்சி முடிந்து கேலரிப் படியில் உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் பாக்கெட்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அம்மாவின் அதே நெற்றி, அதே நீளக் கைகள். நான் யார் என்று சொல்வதற்குள், “தெரியும் சார், போட்டோல பாத்திருக்கேன். இப்போ முடி மட்டும்தான் வெள்ளை” என்றாள்.

“உங்கம்மா அனுப்பித்தான் வந்தேன்மா.”

“அதுவும் தெரியும். அம்மாக்கு எல்லாத்துக்கும் பயம் சார். நான் பஸ்ல ஃபுட்போர்டுக்குப் பக்கத்துல நின்னாக்கூட போன்ல கண்டுபுடிச்சிரும்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், கைமாத்து, நான் கட்டிய கட்டு, கேட்ட சத்தம், கைதட்டியது, நாட்டுக்கட்டு, பிறகு ஊருக்குச் சொன்ன பொய். அம்மா கால் தானாகப் போகவில்லை, நான் போக வைத்தேன் என்றேன். படத்தில் நடுவில் உட்கார்ந்திருப்பது நிற்க முடியாததால்தான் என்றும் சொன்னேன். அத்தனை வருடமாக நெஞ்சில் இருந்ததைச் சொல்லிவிட்டால் அது அவளைத் தடுத்து நிறுத்தும் என்று நம்பினேன். ஒரு வயதானவன் இவ்வளவு சொன்ன பிறகு யாராவது இறங்குவார்களா?

ஐஸ் உருகி அவள் காலுறைக்குள் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்போ எங்கம்மா கேப்டன் இல்லையா சார்?”

“இல்லம்மா.”

“அம்மா ஒரு தடவ கூட சொல்லல. நான் காலேஜ் சேந்த அன்னிக்கு அந்த போட்டோவைக் காட்டி, கேப்டனாம்மா நீன்னு கேட்டேன். சிரிச்சிச்சு. அவ்ளோதான். நான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், எங்கம்மா கேப்டன்னு.” ஐஸ் பாக்கெட்டைத் தூக்கிப் படிக்கு அப்பால் எறிந்தாள். “பரவால்ல சார். அப்போ அந்த நாற்காலில நான் நெஜமா உக்காந்துட்டுப் போறேன்.”

எழுந்து போய்விட்டாள். நொண்டவில்லை, நான் பார்க்கிறேன் என்று தெரிந்து நொண்டாமல் நடந்தாள். அந்த நடையும் எனக்குத் தெரிந்ததுதான். நானும் அப்படி நடந்திருக்கிறேன்.

போட்டி நாளன்று போகக் கூடாது என்று நினைத்தேன். மனைவி, “போய் என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனேன். ஒலிபெருக்கியில் யாரோ ஹலோ, ஹலோ என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குக் கீழே மாஸ்டர் அவள் முன் குந்தி உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தான். நான் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். கட்டு தப்பு. முழங்கால் சில்லின் மேலேயே சுற்றுகிறான். ஆட்டத்தில் முதல் முறை திரும்பும்போதே தளர்ந்து கீழே இறங்கிவிடும்.

கடைசியாக ஒரு முறை அவனைப் பார்த்தேன். “சார், டீம் லிஸ்ட் கொடுத்தாச்சு சார்” என்றான். அவளைப் பார்த்தேன். அவள் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நடுவரிடம் போய்க் கத்தியிருக்கலாம். கோட்டில் படுத்துக்கொண்டிருக்கலாம். கிழவனைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்கியிருப்பார்கள். நான் செய்தது இதுதான்: மாஸ்டரின் கையிலிருந்து பேண்டேஜை வாங்கினேன். என்னால் குந்த முடியாது என்பதால் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவள் பாதத்தை என் தொடைமேல் வைத்து, பழைய கட்டை அவிழ்த்து, தொடையிலிருந்து தொடங்கி எட்டுப் போல மாற்றி மாற்றிச் சுற்றி, சில்லை மட்டும் திறந்துவிட்டுக் கட்டினேன். முழங்கால் சூடாக இருந்தது. உள்ளே நீர் கோத்திருப்பது விரலுக்குத் தெரிந்தது.

“டைட்டா இருக்காம்மா?”

“சூப்பர் சார்” என்று இரண்டு தரம் எம்பிக் குதித்துக் காட்டினாள்.

அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. நான் கட்டுவதைச் சுற்றி நின்று பார்த்த பெண்கள் எல்லோருக்கும் என் கை அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

ஆட்டம் முழுவதும் நான் காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் கூச்சலுக்குள் அந்த ஒரு சத்தம் வருகிறதா என்று. அவள் பாடிக்கொண்டு போனபோதெல்லாம் என் கை நாற்காலியின் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டது. ஒரு முறை இரண்டு பேர் பிடித்தார்கள். அவள் திரும்பினாள். முழங்காலும் கூடவே திரும்பியது. கோட்டைத் தொட்டாள்.

தாங்கிவிட்டது.

ஷீல்டு வந்தது. படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அவள் உண்மையான கேப்டனிடம் போய் என்னவோ கெஞ்ச, அந்தப் பெண் “ஓவராப் பண்றடி” என்று தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இடம் கொடுத்தாள். அவள் நடுவில் உட்கார்ந்து ஷீல்டை மடியில் வைத்துக்கொண்டாள். மாஸ்டர் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அவளுக்குப் பின்னால் நிறுத்தினான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

படம் முடிந்ததும் அவள் திரும்பி, “பாத்தீங்களா சார்? நீங்க கட்டினா தாங்குது” என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.  அது முறிந்திருந்தால் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்திருக்கும். அப்படி ஒரு மதிப்பை நான் எப்படி விரும்ப முடியும்? தாங்கிவிட்டதால், இனி அவளிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எனக்கு அந்த வயதில் நடந்ததே அவளுக்கும் நடந்துவிட்டது.

மாலையில் அவள் அம்மா போன் செய்தாள்.

“கால் எப்பிடி சார் கீது?”

“இன்னைக்குத் தாங்கிடுச்சும்மா.”

“போட்டோ அனுப்பினா சார். நல்லா கீது.” பின்னால் யாரோ ஒரு வாடிக்கையாளர் நீலத்தில் வேறு பார்டர் கேட்டார். “அடுத்த மாசம் யூனிவர்சிட்டி மேட்ச்சு. அதுக்கும் கபடில பேரு குடுத்துட்டாராம். நீங்கதான் வந்து கட்டணுமாம். சொல்லச் சொன்னா.”

“நான் சொல்லிப் பார்த்தேன்மா. ரெண்டு பேர்கிட்டயும்.”

“தெரியும் சார்” என்றாள். “வெச்சிர்றேன், சூப்பர்வைசர் பாக்குறான்.”

திட்டியிருக்கலாம். அவள் அப்பாவும் அன்று திட்டவில்லை.

தங்கை வீட்டுக்குப் போய்வரும் நாட்களில் இப்போதும் சில சமயம் பாலத்தில் அவளைப் பார்க்கிறேன். அவள் அந்தக் கைப்பிடி, நான் இந்தக் கைப்பிடி. கூட்டம் நடுவே ஓடுகிறது. கீழே வந்ததும் நான் கேட்பதற்கு முன்பே அவள் சொல்லிவிடுகிறாள்:

“இன்னும் நல்லாத்தான் சார் கீது.”

நான் தலையாட்டுகிறேன். கைப்பையில் புது கிரேப் பேண்டேஜ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதை அவளுக்குக் காட்டுவதில்லை.